பழுது இடது பக்கம்

முதலில் நான் சந்தேகப்பட்டது டேப் ரெகார்டரை. இடது ஸ்பீக்கரில் ஜால்ராவின் கூர்மை மங்கிக் கேட்டது. நாடா உரசி ஓடும் ஹெட்டில் அழுக்குப் படிந்தால் இப்படித்தான் ஆகும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். மங்கல் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பின்னால், எங்கள் இரண்டறை வீட்டின் ஓர் அறைதான் என் ஒலிக்கூடம். எந்த நிறுவனத்தையும் சாராமல், கூப்பிடுகிறவர்களுக்கு இசைப்பதிவும் ஒலிக்கலவையும் (தனித்தனியே பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் வேலை) செய்து வந்தேன். சிசிலியக் கல்யாணப் பாடகர்களும் வருவார்கள், புலம்பெயர்ந்து வந்த எங்கள் தமிழ் ஆட்களும் வருவார்கள். அப்போது கையில் இருந்தது தேவன் அண்ணையின் முருகன் பாடல்கள். ஊரில் மேடைகளில் பாடியவர், இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறார்.

வயரை மாற்றினேன். ஹெட்டின் திருகைத் திருப்பி, நன்றாக இருந்த இயந்திரத்தையும் கெடுத்தேன். எங்கிருந்தோ ‘ங்ஙீ’ என்று ஒரு மெல்லிய இரைச்சல் வேறு. மின்சாரக் கோளாறு என்று முடிவுகட்டி, குளிர்சாதனப் பெட்டி வரை எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிப் போட்டேன். சின்ஞோராமாரின் (இத்தாலிய எஜமானிகளின்) சமையலறைகளில் வேலை முடிந்து வந்த என் மனைவி சாந்தி, உருகி வழிந்த மீனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கு என்ன விசரே?”

பத்தாம் நாள்தான் ஹெட்ஃபோனைப் பக்கம் மாற்றித் தலையில் மாட்டிப் பார்த்தேன். பழுது இடம் மாறவில்லை. இடது பக்கமே இருந்தது. மாற்றாமல் மிஞ்சியிருந்தது என் காது மட்டும்தான். கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது.

மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்; பெண் மருத்துவரை இங்கே தொத்தோரெஸ்ஸா என்பார்கள். ஆடியோகிராம் (எந்தச் சுருதியை எவ்வளவு சத்தத்தில் காது கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தார். வலது காதின் கோடு நேராகப் போனது. இடது காதின் கோடு பாதியில் விழுந்திருந்தது. திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு (உள்காதோ அதன் நரம்போ சட்டென்று செயலிழப்பது) என்றார்.

“முதல் சில நாட்கள்தான் முக்கியம். இந்தப் பத்து நாளும் என்ன செய்தீர்கள்?”

“டேப் ரெகார்டரைத் திருத்தினேன், தொத்தோரெஸ்ஸா.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். சிரிக்கவில்லை. இதை வாசிக்கும் யாருக்காவது ஒரு காது திடீரென்று மங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வயரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோர்த்திசோன் (உள்வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) எடுத்த நாட்களில் எனக்கு நானே ஆராய்ச்சிப் பொருளானேன். காலையும் மாலையும் கீபோர்டின் ஒரே கட்டையை அழுத்தி, ஒவ்வொரு காதாகப் பொத்திக் கேட்டேன். ஒரே சுரம் இடது காதில் அரைக்கால் சுருதி ஏறி ஒலித்தது! இதற்கு இரட்டைச் சுருதிக் கேட்டல் (ஒரே ஒலியை இரு காதும் வெவ்வேறு சுருதியில் உணர்வது) என்று பெயர். வேதனையிலும் அது எனக்கு வியப்பாகவே இருந்தது. கொப்பியில் குறித்துவைத்ததை மருத்துவர் இரண்டு தடவை வாசித்தார். மூன்றாம் வாரம் தடித்த ஒலிகள் திரும்பின. மெல்லிய கூர்ஒலிகள் திரும்பவேயில்லை.

சாந்தியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. செவிடனிடம் யார் பாட்டைக் கொடுப்பார்கள்? மறைத்துக்கொண்டே தேவன் அண்ணையின் பாடல்களை முடித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் கசெற்றோடு வந்து நின்றார்.

“தம்பி, குரல் முழுக்க இடப்பக்கம் சாய்ஞ்சு கிடக்கு. காது கீது அடைச்சுப் போச்சோ?”

பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு மங்கிக் கேட்ட பக்கத்தை என்னை அறியாமலே கூட்டி வைத்திருந்தேன். “திருப்பிச் செய்து தாறன் அண்ணை” என்று அனுப்பிவிட்டு, இந்தத் தொழில் இனி எனக்கில்லை என்று சாந்தியிடம் சொன்னேன். அழுதுவிட்டேன்.

“ஒரு காதாலை கலக்கேலாதோ?”

“இரண்டு பக்கமும் எப்பிடிக் கேட்குமெண்டு தெரியாமல் எப்பிடிக் கலக்கிறது?”

“எங்கடை சனம் இதுகளை எங்கை கேட்குதுகள்? சின்ஞோராமாற்றை குசினியிலை. ஒரு ஸ்பீக்கர் பெட்டியிலை. உங்கடை கசெற் எல்லாம் நான் அப்பிடித்தான் கேட்டனான். அதுவும் ஒரு காதாலை. மற்றக் காது சின்ஞோரா கூப்பிடுறாவோ எண்டு கதவடியிலை நிற்கும்.”

ஏழு வருடமாக அவள் அப்படிக் கேட்டிருக்கிறாள். என் காதை நாளுக்கு இரண்டு தடவை அளந்த நான், அவளிடம் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி, ஒரே ஸ்பீக்கரை வலது காதுக்கு நேரே வைத்து மறுபடி கலந்தேன். தேவன் அண்ணையிடம் உண்மையைச் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் கசெற்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “அடுத்ததையும் நீர்தான் செய்யவேணும்” என்றார்.

காதுக்குள் அந்த ‘ங்ஙீ’ இரைச்சல் இன்னும் இருக்கிறது. தெருவில் யாராவது கூப்பிட்டால் எந்தத் திசை என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றித்தான் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு கணம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் சாந்தி பேசும்போது வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே ‘ஓம், ஓம்’ என்பேன். இப்போது கதிரையைத் திருப்பி, அவளுடைய முகத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கேட்கிறது.