புரிஞ்சுது சார்

எங்கள் அண்ணி வாயைத் திறந்தால் என் அண்ணனுக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்காது. வீட்டில் புலி, வெளியில் எலி என்று ஆண்களைத்தான் சொல்வார்கள். இவளுக்கும் அது பொருந்தும். மருந்தாளுநர் படிப்புக்கான வாட்ஸ்அப் குழுவில் அவள் எலிதான். சார் பாடம் போட்டதும் எல்லோரும் "புரிஞ்சுது சார்" என்று எழுத வேண்டும், அவளும் எழுதுவாள். ஒருமுறை ஒரு அப்பாவி "புரியல" என்று எழுதிவிட்டான். "கிளாஸ்ல தூங்கினியா?" என்று சார் கேட்டார். அன்றிலிருந்து அவனுக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

அண்ணிக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு என்றிருந்த நாள் அது. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் படிப்பே போச்சு. அன்று சாயங்காலம் சார் ஒரு கணக்கைப் போட்டார்: குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி மருந்து கொடுப்பது என்று. "புரிஞ்சுது சார்" மளமளவென்று விழுந்தது. அண்ணிக்கு வந்த விடை இருபத்தைந்து மில்லி. அவள் தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் போட்டாச்சு. நீங்களும் போட்டுட்டு வேலையைப் பாருங்க அண்ணி," என்றேன்.

"மார்க் போனா போகட்டும்டி. ஒரு குழந்தைக்கு நான் தப்பா ஊத்திக் கொடுத்தா?"

"புரியல சார்" என்று தட்டி அனுப்பியே விட்டாள். சார் எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. ஐயோ, நாளைக்குத் தேர்வு வைக்கப்போவதும் இதே மனுஷன்தானே!

"புரிஞ்சவங்க யாராவது அவங்களுக்கு விளக்குங்க" என்று வந்தது.

பிறகு ஒரு "புரிஞ்சுது சார்" இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று இருந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சரசரவென்று எல்லாமே. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அண்ணி சிரிக்கவில்லை.

சார் திட்டவில்லை. தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று குரல் பதிவில் முதலிலிருந்து விளக்கினார். விடை இரண்டரை மில்லி.

"எனக்கு இருபத்தஞ்சு வந்துது சார்" என்று அண்ணி எழுதினாள். "எனக்கும்தான்" என்று கீழே ஒருவர் எழுதினார்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் அண்ணி போனை என் பக்கம் திருப்பினாள்.

"இவரு இப்பவே கடையில நின்னு மருந்து கொடுத்துக்கிட்டு இருக்காருடி."