என்னுடைய ஓல்ட் கொட்ஜர்

நேற்று டூட்டிங் கடைத்தெருவில் துணி வெளுக்கும் கடை ஒன்றைத் தாண்டிப் போனேன். சூடான வெள்ளைத்துணி மணம் மூக்கில் அடித்ததும் நினைவில் மொரீன் வந்து நின்றுவிட்டாள். எண்பதுகளில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் நாங்கள் சோடி. கட்டில் விரிப்பின் ஒரு நுனி அவளிடம், மறு நுனி என்னிடம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மடிப்பில் என்னை வெல்ல அங்கே ஒருத்தியும் இல்லை. அதையும் எழுதத்தானே வேண்டும். இங்கிலீசு முழுக்க மொரீன் தந்தது. வயதுபோன ஆம்பிளைகளுக்கென்றே ஒரு மூட்டை பெயர் வைத்திருந்தாள். மேற்பார்வைக்காரர் காஃபர். வாசல் காவற்காரர் கீஸர். சிடுமூஞ்சி என்றால் ஓல்ட் கிட். கொஞ்சம் இரக்கப்பட்டால் ஓல்ட் கொட்ஜர்.

"உன்ர மனுசன்ர பேர் என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். கட்டியவரின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி என்னை வளர்த்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு விரிப்பை மடித்தேன்.

"அப்ப அவனும் ஓல்ட் கொட்ஜர்தான்."

எனக்குப் பிடித்துப்போயிற்று. நாற்பது வயது மனிதரை வீட்டிலும், "கொட்ஜர், சோறு ஆறுது" என்று கூப்பிட்டேன். ஏதோ பட்டம் என்று நினைத்து அவரும் நிமிர்ந்து வருவார்.

பிறகு நகரசபை தரும் கவுன்சில் வீடு ஒன்றுக்காக விசாரிக்கக் கூப்பிட்டார்கள். நாங்கள் இருந்தது ஓரறை, சுவரெல்லாம் பூஞ்சணம், எங்கள் சின்ன மகளுக்கு இழுப்பு. அவருக்கு ஷிப்ட். தனியே போனேன், பஸ் அவசரத்தில் அவர் பெயர் இருந்த கடிதக்கட்டையும் வீட்டில் விட்டுவிட்டேன்.

"புருசன்ர பேர்?" என்றாள் மேசைக்காரி.

"மை ஓல்ட் கொட்ஜர்."

விழுந்து சிரித்தாள். திரும்பக் கேட்டாள். அதையே சொன்னேன். சிரிப்பு நின்றது.

"பேர் இல்லாட்டி வீடு இல்லை, மேடம்."

எழுதிக் காட்ட இங்கிலீசு எழுத்து வராது. வீட்டில் இருந்த சின்னவளின் மூச்சு இழுப்பது காதில் கேட்ட மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "சபாரத்தினம்" என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னாள்.

"அது உன்ர வேலை, பிள்ளை" என்றேன்.

அவர் வேலையால் வரும்வரை வீட்டு வாசலிலேயே நின்றேன்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"உங்கட பேரைச் சொல்லிப்போட்டன்."

"வீடு தருவினமோ?"

"ஓம் போலதான்."

"அப்ப இன்னொருக்காச் சொல்லு, கேப்பம்."

"போங்கோ, கொட்ஜர்!" என்று உள்ளே போய்விட்டேன்.

வீடு கிடைத்தது. சின்னவளின் இழுப்பும் போனது. துணி வெளுத்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மொரீனும் இல்லை. அவர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார், பேரைச் சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்; நான் பிடிவாதக்காரி, சொல்லவில்லை. இப்போது எத்தனை தரமும் சொல்லலாம். குறைவதற்கு ஆயுள் இல்லை.