ஆறாவது சுட்டி

மழைக்காலத்தில் நமுனுகுலை மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து தன் கடைக்குள் நுழைகிறது என்று ஸைனப் சொல்வாள். அது மேகமில்லை, பதுளை பஸ் நிலையத்துப் புகை என்று அவள் புருஷன் ஹாஷிம் சொல்வார். இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்றுதான் பார்ப்பார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருசமாக இந்த வழக்கு தீரவில்லை.

கடை சின்னது. டெலிபோன், போட்டோக் கொப்பி, அரை மணிக்கு இவ்வளவு என்று இன்டர்நெட். கணினி இரண்டு. ஒன்று வருகிறவர்களுக்கு, மற்றது ஸைனபுக்கு. கொப்பி எடுக்க வந்தவர் நாலு தரம் தொண்டையைச் செருமினால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். 2006இல் 'மேகம் வரும் கடை' என்று ஒரு வலைப்பூ தொடங்கினாள். பண்டாரவளை ரயில், மரக்கறி லொறிகள், ஈரம் காயாத பள்ளிச் சப்பாத்து என்று எதையாவது எழுதுவாள். நன்றாகத்தான் எழுதினாள். அவளுடைய மழையைப் படித்தால் கனடாவில் இருக்கிறவர்களுக்கும் கால் நனையும். கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று, அவர்களுடைய கணினியைத் திறந்ததுமே தன் பக்கம் வரும்படி செய்து வைத்திருந்தாள். அந்த மட்டில் விவரமானவள்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் வேறு பக்கங்களுக்குப் போகிற சுட்டிகளை வைப்பாள். எழுதுவதைவிட இதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. அந்த நீல எழுத்தை அமுக்கினால் ஆள் இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். அங்கிருந்து இன்னொரு வாசல். தேயிலை மலையில் ஒற்றையடிப் பாதைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து மேகத்துக்குள் போகுமே, அப்படி அவளுக்குத் தோன்றும். கண்ணைத் திறந்தபடியே அந்தப் பாதைகளில் நடந்துகொண்டிருப்பாள். சோறு ஆறிப்போகும்.

ஆனால் யாருக்குச் சுட்டி கொடுப்பது என்பதில் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அடுத்த வீட்டிலிருந்து தட்டில் பலகாரம் வந்தால் அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டில் ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது வைத்து அனுப்ப வேண்டும். அவர்கள் வீடுகளில் இது மாறாத முறை. ஸைனப் இந்த முறையை இன்டர்நெட்டுக்கும் கொண்டுபோனாள். தன் பதிவுக்கு யார் சுட்டி கொடுத்தாலும் அவருக்குத் தன்னுடைய அடுத்த பதிவில் ஒன்று. சினிமா எழுதுகிறவருக்கு ஒன்று, கைத்தொலைபேசி விலை எழுதுகிறவருக்கு ஒன்று. பதிவு எதைப் பற்றியது என்று அவள் பார்க்கவில்லை, தட்டு யாருடையது என்றுதான் பார்த்தாள்.

முதல் சுட்டி எப்போதும் நபீலா தாத்தாவுக்கு. அக்காவை அவர்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். நபீலா கூடப் பிறந்தவள் இல்லை, மூன்று வீடு தள்ளி இருக்கிற சிநேகிதி. ஸைனபைப் பார்த்து அவளும் ஒரு சமையல் வலைப்பூ தொடங்கியிருந்தாள். வட்டலப்பம் செய்வது எப்படி என்று எழுதி, அதற்குக் கீழே ஸைனபின் மழைக்குச் சுட்டி கொடுத்திருந்தாள்.

"இது என்னா, கீழ பூராச் சந்தையா ஈக்கி?" என்று ஹாஷிம் ஒருநாள் பதிவின் அடியைக் காட்டிக் கேட்டார்.

"வெறுந்தட்ட அனுப்பச் சொல்றீங்களா?" என்றாள் ஸைனப்.

2007 நவம்பரில் மழை விடாமல் பெய்தது. ஸைனப் ஒரு பதிவு எழுதினாள். நனைந்த மலை தூக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து படுக்கும், அப்போது வீடுகளில் கதவுகள் இறுகிக்கொள்ளும், ஊற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடும் என்று எழுதினாள். எழுதிவிட்டு அவளே சொக்கிப்போனாள். இதையெல்லாம் அவள் மண்சரிவை ஆராய்கிற அரசாங்கத் திணைக்களத்தின் பக்கமொன்றில் படித்திருந்தாள். அந்தப் பக்கத்துக்கும் சுட்டி வைத்தாள், ஆறாவதாக. திணைக்களம் அவளுக்கு ஒரு தட்டும் அனுப்பியதில்லை.

அந்த வாரம் செல்வநாயகி டீச்சர் வந்தார். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். பரீட்சைத் தாள் கொப்பி எடுக்கும்வரை கணினி முன்னால் உட்கார்ந்து ஸைனபின் பதிவைப் படித்தார். ஒவ்வொரு சுட்டியாக அமுக்கினார். பக்கங்கள் ஆமை வேகத்தில் திறந்தன. தன் எழுத்தில் ஒருவர் இவ்வளவு நேரம் மூழ்கிக் கிடக்கிறாரே என்று ஸைனபுக்கு உச்சி குளிர்ந்தது. நாலரை பஸ் ஹோர்ன் அடித்ததும் டீச்சர் தாள்களை வாரிக்கொண்டு ஓடினார்.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். ஸைனப் பாராட்டுக் கேட்கிற ஆசையில், "எப்படி டீச்சர், என்ட பதிவு?" என்றாள்.

"நல்லா இருந்துச்சுங்க. கதவு இறுகும்னு எழுதி இருந்தீங்க. எங்க ஸ்கூல் கதவும் ரெண்டு மாசமா அப்படித்தான். சொவத்துல கை நொழையிற அளவுக்கு வெடிப்பு. யார்கிட்ட சொல்றது, என்னா செய்யிறதுன்னு கீழ இருந்ததெல்லாம் அமுக்கிப் பார்த்தேன். வட்டலப்பம் வந்துச்சு. பொறகு ஒரு நடிகையோட கல்யாணம். அப்புறம் போன் வெல. அதுக்குள்ள பஸ்ஸு வந்திருச்சு, போயிட்டேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. அதுதான் ஸைனபை அறைந்தது. எடுத்துக்கொண்டிருந்த கொப்பியை அப்படியே விட்டாள். டீச்சரைக் கணினி முன்னால் உட்கார வைத்து ஆறாவது சுட்டியை அமுக்கினாள். பக்கம் திறக்கிற அந்த இரண்டு நிமிசம் அவளுக்கு ஒரு நாளாக இருந்தது. அதில் இருந்ததை ஸைனப் ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டாள். கதவு இறுகுகிறதா? ஆமா. வெடிப்பு அகலமாகிறதா? ஆமாங்க. ஊற்று கலங்கியிருக்கிறதா? டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். காலையில் பிள்ளைகள் போத்தலில் பிடித்து வந்த தண்ணீர் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். கடைசி வரியில் ஒரு டெலிபோன் நம்பர் இருந்தது. ஸைனப் கடைப் போனை எடுத்து அப்போதே அந்த நம்பரைச் சுழற்றினாள்.

இரண்டாம் நாள் அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். பிள்ளைகளை உடனே வெளியேற்றச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குப் போயின. அடுத்த வியாழக்கிழமை கடைக்குப் போன் வந்தது.

"ரெண்டு வகுப்பும் மண்ணுக்குள்ள போயிருச்சுங்க," என்றார் செல்வநாயகி டீச்சர். "கூரைகூடத் தெரியல. பதினோரு மணி இருக்கும். எங்களுக்குக் கணக்குப் பாடம் நடக்கிற நேரம். பிள்ளைங்க இருபத்தேழும் கோயில்லதான் இருக்காங்க. நான் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன்."

ஸைனப் போனை வைத்தாள். கடைக்குள் மேகம் வந்ததோ புகை வந்ததோ, அன்றைக்கு அவள் கவனிக்கவில்லை. இரண்டு வாரத்தை நான் வட்டலப்பத்துக்கும் கல்யாணத்துக்கும் கொடுத்துவிட்டேன் என்று ஹாஷிமிடம் சொன்னாள்.

மூன்று நாள் உட்கார்ந்து பழைய பதிவுகள் எல்லாவற்றையும் திறந்தாள். இதைப் படித்து முடித்தவர் அடுத்து என்ன கேட்பார்? ஒவ்வொரு பதிவுக்கும் இந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதில் இருக்கிற சுட்டியை வைத்துக்கொண்டாள், மற்றதை அழித்தாள். ரயில் பதிவிலிருந்து கைத்தொலைபேசி போனது. லொறிப் பதிவிலிருந்து சினிமா போனது. நபீலாவின் சுட்டி நாற்பத்தொரு இடத்தில் இருந்தது. நோன்புக் கஞ்சிப் பதிவில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு நாற்பதை அழித்தாள். ஒவ்வொன்றையும் அழிக்கும்போது ஒரு வீட்டு வாசலில் வெறுந்தட்டை வைத்துவிட்டு ஓடிவருகிற வெட்கம் அவளுக்கு. பிறகு நடந்ததைப் பெயர் சொல்லாமல் எழுதிப் பதிந்தாள். அதன் அடியில் ஒரே ஒரு சுட்டி, திணைக்களத்துக்கு.

சினிமாக்காரர் கோபமாகப் பின்னூட்டம் போட்டார். நபீலா ரோட்டில் கண்டால் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஸைனப் பீங்கான் தட்டில் தொதல் என்கிற இனிப்பை வைத்து நபீலா வீட்டுக்கு அனுப்பினாள். மற்ற வருசங்களில் மத்தியானத்துக்குள் தட்டு நிறைந்து திரும்பி வரும். இம்முறை அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. ஒரு சிநேகிதத்தை அழித்துவிட்டோம், அதைத் திரும்ப எழுத முடியாது என்று ஸைனப் நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நபீலா கடை வாசலில் வந்து நின்றாள். குடையை மடக்கிவிட்டு, சீலைத் தலைப்புக்குள்ளிருந்து தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். கழுவித் துடைத்த தட்டு. அதில் ஒன்றுமே இல்லை.

"நாலு நாளா யோசிச்சேன்," என்றாள் நபீலா. "அந்தப் பிள்ளைகள் கத படிச்ச பொறகு, ஒங்கட தட்டுல என்னத்த வெக்கிற எண்டு எனக்கு வெளங்கல்ல. பொருத்தமா ஒண்டும் கெடைக்கல்ல. அதால வெறுசாவே கொண்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "என்ட வட்டலப்பத்துக்குக் கீழ இருந்த ஒங்கட மழையயும் எடுத்துட்டேன்," என்றாள்.

ஸைனபுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி சிரிப்பு வந்தது. பிறகு அந்த வெறுந்தட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கொப்பி எடுக்க வந்து நின்றவர்கள் முன்னாலேயே அழுதாள்.