முண்ணாணில் தண்ணி எடுக்கிற பிள்ளை

அரியாலையில் துஷாந்தினி என்ன வேலை செய்கிறாள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "உவள் முண்ணாணிலை தண்ணி எடுக்கிற பிள்ளை." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முண்ணாண் என்றால் முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டு. அது யாருடையது என்று மட்டும் ஊர் கேட்கவில்லை. அவளுடைய தாய் செல்வநாயகி சொல்லவும் இல்லை.

அவள் எடுப்பது எலிகளிடம். வயதானவர்களைப் பிடிக்கிற மறதி நோயைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதற்காக வெள்ளை எலிகள் வளர்க்கிற கட்டடத்தில் அவளுக்கு வேலை. எலியை மயக்கி, பிடரி மயிரை வழித்து, தலையைக் குனியவைத்து, மண்டையோடும் கழுத்தெலும்பும் சேருகிற பள்ளத்தில் மெல்லிய ஊசியை இறக்கினால் மூளையைச் சுற்றி நிற்கிற நீர் கொஞ்சம் ஏறும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று ஒரு முழ நீளத்துக்குப் பெயர். கண்ணாடி போலத் தெளிவாக வரவேண்டும். இரத்தம் கலந்தால் அந்த எலி பட்டபாடெல்லாம் வீண். எடுத்து முடிந்ததும் எலியை எழும்ப விடுவதில்லை. அதன் மூளையையும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்பதால், மயக்கத்திலேயே இன்னொரு மருந்தை ஏற்றிவிடுவார்கள்.

டொக்டருக்குப் படிக்கவேண்டும் என்று மூன்று தரம் உயர்தரப் பரீட்சை எழுதி, மூன்று தரமும் இடம் கிடைக்கிற வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றவள் அவள். பிறகு ஆய்வுகூட வேலை பழகினாள். கை ஆடாது, அப்படி ஒரு கை. ஆடுவதெல்லாம் தலைக்குள்ளேதான். கடைக்காரன் "சிவப்பரிசியோ வெள்ளையோ?" என்று கேட்டால், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கும்வரை யோசிப்பாள். குழப்பம் அவளுக்குப் பிறவிச் சொத்து. அதில் பங்கு கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

வேலை இடத்தில் எலிகளைப் 'பேர்' என்றுதான் எண்ணுவார்கள். "இண்டைக்கு ஆறு பேர், கொஞ்சம் பிந்தும்" என்று அவள் போனில் சொல்வாள். செல்வநாயகி அதை அப்படியே வேலிக்கு மேலால் விற்றுவிடுவாள்.

"எலி எண்டு சொல்லுங்கோவன் அம்மா" என்று ஒருநாள் மகள் கேட்டாள்.

"எலி பிடிக்கிறவளுக்கு ஆர் சம்மந்தம் பேசி வருவினம்? நீ சும்மா இரு."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே உலையை ஊதிக்கொண்டிருந்ததே பெற்ற தாய்தான்.

போன மாரியில் ஒரு பின்னேரம், பக்கத்து ஒழுங்கை றஜனி நனைந்தபடி வந்து வாசலில் நின்றாள். அவளுடைய புருசன் சிவகரன் கடலேரியில் இறால் பிடிக்கிறவன். கடும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"பிள்ளை, அவருக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிட்டுது. வள்ளத்தைக் கொண்டந்து கட்டில் காலிலை கட்டச் சொல்லுறார். முண்ணாணிலை தண்ணி எடுத்துப் பாத்தால்தான் எந்த மருந்து எண்டு சரியாத் தெரியுமாம்."

"அப்ப எடுக்கச் சொல்லுங்கோ அக்கா. சுணங்க வேண்டாம்."

"எடுத்தால் இடுப்புக்குக் கீழை விளங்காமல் போயிடும் எண்டு அவரின்ரை தமையன் சொல்லுறார். நான் கையெழுத்து வைக்காமல் வந்திட்டன். நீ எத்தினை பேருக்கு எடுத்திருப்பாய். நீ சொன்னால் வைப்பன்."

எலி என்று சொல்ல அதுதான் நேரம். சொன்னால் றஜனி அப்படியே திரும்பிப் போய்விடுவாள், தமையன் சொல்லே நிலைக்கும், காய்ச்சல் பிடித்த மனிதன் பிழையான மருந்தோடு கிடப்பான். துஷாந்தினி எலியை விட்டுவிட்டு ஊசியைப் பற்றிப் பேசினாள். மனிதருக்குப் பிடரியில் எடுப்பதில்லை, இடுப்புப் பக்கம், முண்ணாண் முடிந்த பிறகு கீழேதான் ஊசி போடுவார்கள், அதனால் பயமில்லை என்று விளங்கப்படுத்தினாள். அத்தனையும் உண்மை. றஜனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ எடுத்த ஆக்கள் பிறகு எழும்பி நடந்தவையோ?"

எலி எழும்பாததற்கும் மனிதன் எழும்புவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று துஷாந்தினியின் படித்த மூளை சொன்னது. கைகளோ வேறொன்று சொல்லின: எங்கள் ஊசி தொட்ட ஒன்றாவது இதுவரை கண் திறந்ததா? இவ்வளவு காலம் அவள் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்த மழைக்குள் நிற்கிற ஒருத்திக்கு முன்னால்தான் அது நினைவில் வரவேண்டுமா?

"ஓம் அக்கா" என்றாள். "எழும்பி நடந்தவை."

றஜனி அந்த நிமிடமே ஓட்டோவைப் பிடித்துப் போய்விட்டாள். அதன் பிறகு துஷாந்தினிக்குச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் வரவில்லை. நல்லது செய்தோமா, ஒரு குடும்பத்தை ஏமாற்றினோமா? அந்த மனிதனுக்கு ஏதாவது நடந்தால், ஊசியால் நடந்தாலும் காய்ச்சலால் நடந்தாலும், றஜனியின் கண்ணில் குற்றவாளி யார்?

அடுத்தநாள் காலையில் ஆராய்ச்சியை நடத்துகிற சோமசேகரம் சேரின் அறைக்குப் போனாள்.

"சேர், தண்ணி எடுத்தாப் பிறகு ஒண்டை மட்டும் எழும்ப விடலாமோ?"

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஏன்?"

அவளுக்கே தெரியாததை அவள் எப்படிச் சொல்வாள்? "சும்மா, எழும்புதோ எண்டு பாக்க."

"எழும்பும், பிள்ளை. பிழையில்லாமல் எடுத்தால் எழும்பும். ஆனால் எங்களுக்குக் கிடைச்ச அனுமதி அப்பிடி இல்லை. நோவோடை எழுப்பி வைச்சுப் பாக்கிறது பாவம்."

எழும்புமாம். அதுவரை நல்லது. ஆனால் பாவம் எது? எழுப்பினால் பாவம் என்கிறார், எழுப்பாமல் ஏற்றுகிற மருந்துக்கு என்ன பெயர் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்றைய முதல் எலியிடம் தெளிவான நீர் கிடைத்தது. வெள்ளை வயிறு மெல்ல ஏறி இறங்கியது. மற்ற மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிடச் சற்று நேரம் நின்றாள். பிறகு ஏற்றினாள். வேறென்ன செய்வது? கை ஆடவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

சில நாட்களாகச் சேதி ஒன்றும் இல்லை. துஷாந்தினி றஜனி வீட்டு ஒழுங்கையால் போகாமல் சுற்றுப்பாதையால் வேலைக்குப் போனாள். பிறகு ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"பிள்ளை, அவர் எழும்பி நடக்கிறார்" என்றாள் றஜனி. "கஞ்சி வேண்டாமாம், சோறு கேட்டுச் சண்டை பிடிக்கிறார்."

துஷாந்தினி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். கண்ணீர் வந்தது. சந்தோசம் என்றுதான் நினைத்தாள்.

"இன்னொரு விசயம். பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கும் எடுக்க வேணுமாம், மனிசன் பயந்து சாகுது. எனக்குச் சொன்னதை அவருக்கும் ஒருக்காச் சொல்லிவிடு. போனைக் குடுக்கிறன்."

"வேண்டாம் அக்கா, குடுக்காதேங்கோ." இரண்டாம் முறை அந்தப் பொய் தொண்டையைத் தாண்டவில்லை. "நான் எடுக்கிறது மனிசருக்கு இல்லை. எலியளுக்கு."

"எலிக்கோ?"

"ஓம்."

"அதுகள் எழும்பினதுகளோ?"

"இல்லை அக்கா. ஒண்டும் எழும்பேல்லை. நாங்கள் எழும்ப விடுறேல்லை."

றஜனி நெடுமூச்சு விட்டாள். "அதை அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் கையெழுத்து வைச்சிருக்க மாட்டன்."

அது ஏச்சா நன்றியா என்று துஷாந்தினிக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. கேட்கலாமா என்று யோசிப்பதற்குள், போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு றஜனி யாருடனோ கதைப்பது கேட்டது.

"ஐயா, பிள்ளையைக் கேட்டனான். அவள் எடுத்த ஆக்கள் எல்லாரும் எழும்பி நடந்தவையாம். நீங்கள் பயப்பிடாமல் எடுங்கோ."

துஷாந்தினி மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் றஜனி போனை வைத்துவிட்டாள்.