பாரத்துக்கு ஆள்

அட்டுவம்பட்டி சைமன் ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கார் ஓட்டியவர். கொரோனா முடக்கத்தில் கார் கைவிட்டுப் போனது. மிச்சமிருந்ததை வைத்து ஒரு பழைய பிக்கப் வாங்கினார். கேரட், உருளைக்கிழங்கு, உரமூட்டை, சர்ச் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றினார். கொஞ்ச நாளாக ஒப்பந்தக்காரர் ஞானவேலின் டிரெய்லரையும் இழுக்கிறார். அதில் ஏறுவது ஒரு சின்னப் பொக்லைன். மன்னவனூர்ப் பக்கம் தோட்டங்களில் குட்டை வெட்டப் போகும் எந்திரம்.

ஞானவேலிடம் ஒரு வழக்கம் இருந்தது. பொக்லைனை டிரெய்லரின் பின்னோரத்தில்தான் நிறுத்துவார். முன்னால் நிறுத்தினால் பாரம் கொக்கி வழியாக பிக்கப்பின் மேல் இறங்கி ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. பாரம் பின்னால் போனால் என்ன ஆகும்? டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பும். பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். பின்சக்கரங்களுக்குச் சாலையில் பிடி இருக்காது. அதற்கும் ஞானவேல் ஒரு வழி வைத்திருந்தார். மன்னவனூருக்குக் கேரட் பிடுங்கப் போகும் பெண்களை பிக்கப்பின் பின்பாடியில் உட்காரவைப்பார். ஆறேழு பேர் உட்கார்ந்தால் வண்டி அமுங்கும். 'பாரத்துக்கு ஆள்' என்று அதற்குப் பெயரே உண்டு.

இரும்புப் பட்டைக்கு வலிக்கக் கூடாது என்று பாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தை நிரப்பப் பெண்களை ஏற்றுகிற புத்தியை என்னவென்று சொல்வது? பட்டை ஒடிந்தால் ஞானவேல் காசு கொடுத்து மாற்ற வேண்டும். அந்தப் பெண்களில் மூத்த பொன்னுத்தாய் ஒடிந்தால் மறுநாள் வேறொருத்தி வருவாள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வண்டி கவிழ்ந்த மறுநாள் பத்திரிகையில் வரும் நான்கு வரிச் செய்தியில்தான் அந்தச் சட்டம் எல்லோருக்கும் நினைவு வரும்.

போன மழைக்காலத்தில் பூம்பாறை இறக்கத்தில் டிரெய்லர் வால் ஆட்டியது. முதலில் லேசாக, பிறகு பிக்கப்பையே இடமும் வலமும் இழுத்துக்கொண்டு. பின்பாடியில் இருந்த பெண்கள் ஏதோ ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்தார்கள். சைமன் அதற்குப்பின் மன்னவனூர் வரை ஊர்ந்தே போனார். அதன்பின் வத்தலக்குண்டில் லாரிப் பட்டறைக்காரர்களைக் கேட்டார். செல்போனில் தேடித் தேடிப் பார்த்தார். டிரெய்லரின் சக்கர அச்சுக்கு முன்னால் பாரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் டிரெய்லர் ஒழுங்காகப் பின்னால் வரும், பின்னால் கூடினால் ஆடும் என்பது விளங்கியது. தன் வண்டிக்குப் பின்பக்கம் கூடுதலாக ஒரு பட்டை போட்டார். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினார்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை அட்டுவம்பட்டியில் வழக்கம்போல ஏற்றினார்கள். ஞானவேல் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினார். அந்த டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. எலுமிச்சம்பழத்துக்கும் கிடையாது. சைமன் தன் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கும் ஜெபமாலையும் இதுவரை எந்தச் சக்கரத்தையும் பிடித்து நிறுத்தியதில்லை.

பெண்கள் பின்பாடியில் கால் வைக்கப் போனபோது சைமன் குறுக்கே நின்றார். எந்திரத்தை ஒரு முழம் முன்னால் கொண்டுவரச் சொன்னார். எந்திரத்தின் மண் அள்ளும் மாற்று வாளியையும் டீசல் பீப்பாயையும் இறக்கச் சொன்னார். அவ்வளவையும் ஒரே தடவையில் இழுக்க இந்த வண்டிக்குத் தெம்பு இல்லை, அது அடுத்த நடைக்கு என்றார்.

"பட்டை ஒடஞ்சா நீயா மாத்துவ?" என்றார் ஞானவேல்.

"மாத்தியே வச்சிருக்கேண்ணே. கூட ஒண்ணு போட்டுருக்கேன்."

"அப்புறம் என்ன, அவளுகளையும் ஏத்திக்கிட்டுப் போ. ஓசிச் சவாரிதான."

"பாரம் வேணும்னா கல்லு கெடக்கு, ஏத்துங்க. ஆளுக ஏற மாட்டாக."

வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வேன் என்று ஞானவேல் மிரட்டினார். ஆனால் மன்னவனூரில் தோட்டக்காரர் காத்திருந்தார், அந்த நேரத்துக்கு வேறு டிரைவரும் கிடைக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே எந்திரத்தை நகர்த்தச் சொன்னார்.

கோபம் வந்தது பொன்னுத்தாய்க்குத்தான். கேரட் கூட்டத்துக்கு மூத்தவர் அவர். பஸ்ஸில் போனால் பிந்தும், பிந்தினால் மேஸ்திரி அரைநாள் போட்டுவிடுவார்.

"ஏலே சைமன், எங்க கனம் ஒன் வண்டிக்கு ஆகாமப் போச்சாக்கும். கார் ஓட்டுன தொரையில்ல நீ."

சைமன் குனிந்து சங்கிலிகளை இழுத்துப் பார்த்தார். பெண்கள் திட்டிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்கு அரைநாள் கூலியைக் கெடுத்துவிட்டோமோ என்ற உறுத்தலோடு அவர் வண்டியை எடுத்தார்.

மன்னவனூர் இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டார். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் உண்டு. அந்த மிச்சம் அவருக்கு வேண்டாம். பின்னால் பஸ் வந்து ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. ஒதுங்க இடமில்லை. மழை தூறியது. ஒரு வளைவு திரும்பியதும் சாலை நடுவில் காட்டுமாடு நின்றது.

சைமன் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார். பின்னாலிருந்து டிரெய்லர் முட்டித் தள்ளியது. அதன் வால் பள்ளத்துப் பக்கம் மெதுவாகச் சரிவதைக் கண்ணாடியில் பார்த்தார். ஒரு சாண் போயிருக்கும். பிக்கப்பின் பின்சக்கரங்கள் சாலையைப் பற்றின. வால் நேரானது. வண்டி நின்றது. காட்டுமாடு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் புதருக்குள் இறங்கியது.

பஸ்ஸிலிருந்து கேரட் பெண்களும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். டயர் இழுபட்ட தடம் பள்ளத்தோரம் வரை போய்த் திரும்பியிருந்தது. பொன்னுத்தாய் அந்தத் தடத்தைப் பார்த்தார், பள்ளத்தை எட்டிப் பார்த்தார், கடைசியாகக் காலியான பின்பாடியைப் பார்த்தார்.

"எப்பயும் போல வந்திருந்தா?"

"வால் பள்ளத்துக்குள்ள போயிருக்கும்க்கா. வண்டியும் கூடவே."

பொன்னுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"சரி, வெரசா ஒதுக்கு. மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கிறேன். இனி ஞானவேலுக்குப் பாரத்துக்கு ஆள் வேணும்னா அவன் பொண்டாட்டிய ஒக்காரச் சொல்லு."

பக்கத்திலிருந்தவள் அவன்தான் நல்ல கனம், அவனே உட்காரட்டும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்கவில்லை, ஒருத்திக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. சைமனும் சிரித்தார்.

சற்றுத் தள்ளி அகலமான இடத்தில் அவர் ஒதுங்கி வழிவிட்டார். பஸ் முந்திப் போனது. இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் சுமந்த அந்தப் பெண்கள் இப்போது அவருக்கு முன்னால், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்கள். அந்த பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு, இரண்டாவது கியரில் அவரும் அதன் பின்னாலேயே இறங்கினார்.