பத்துக்கை மாஸ்டர்

கண்ணுகளா, போன வாரம் பல்லடத்துக் கல்யாணத்தில் ஒரு பெரியவர் உங்கள் பெரிய மாமாவைப் பார்த்து, "பத்துக்கை மாஸ்டருங்களா?" என்று கேட்டார். மாமா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அது ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் வழியெல்லாம் என்னை நச்சரித்தீர்கள். வாயால் சொன்னால் சிரித்துக் கெடுத்துவிடுவேன் என்று எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் மாமா ஓவர்லாக் மிஷினில் தைத்தார், நான் துணி வெட்டும் கட்டிங்கில் இருந்தேன். அவர் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, முருகன் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய கை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் விற்றுவிட்டுப் போன கீபோர்டை மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம். மூன்றாமவர் காஜா அண்ணன். எங்கள் கம்பெனியில் பட்டன் ஓட்டை போடும் காஜா மிஷின் ஓட்டியதால் அந்தப் பேர், நல்ல குரல், நல்ல வாய். அவர் பாட்டு, மாமா கீபோர்டு, நான் தாளம் தட்டும் ரிதம் பேடு. தபேலா இல்லை, வயலின் இல்லை, எல்லாமே கரண்டில் ஓடுவது. தோலும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் இதென்ன கச்சேரி என்று கம்பெனியில் கேலி செய்தார்கள். மாமா காதில் வாங்கவில்லை. ஓவர்லாக் இரைச்சலுக்குள்ளேயே மனதுக்குள் கட்டிய ஒரு மெட்டு அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தங்கியிருந்த அறையில் அதை வாசித்துக் காட்டுவார். அதை நாலு ஊர்ச் சனம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் கச்சேரிக்கே வந்தார்.

முதல் கச்சேரி ஒரு மாரியம்மன் நோம்பித் திருவிழாவில். அந்தக் கீபோர்டின் ஓரத்தில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் பெட்டி தானாகவே ஒரு இங்கிலீஷ் பாட்டை வாசிக்கும், கடையில் வாங்குகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. மேடை ஏறிய பதற்றத்தில் மாமாவின் கை அதன்மேல் பட்டுவிட்டது. டிரம்மும் ஊதலும் கிதாரும் ஒன்றாகக் கிளம்பி ஸ்பீக்கரைப் பிளந்தன. மாமா திடுக்கிட்டுக் கையை எடுத்தார். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்ததைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கட்டைகளின்மேல் விரலை வைத்து அசைத்தார். நானும் பேடில் சும்மா தட்டினேன். ஒரே ஆள் இத்தனை வாத்தியத்தையும் வாசிக்கிறார் என்று ஊரே நம்பியது. இறங்கும்போது அவருக்குப் பேர் வைத்தாகிவிட்டது, பத்துக்கை மாஸ்டர்.

அப்புறம் உடுமலைப்பேட்டை வரைக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, கம்பெனிகளின் ஆயுத பூஜை. எங்கே போனாலும் அந்த மியூசிக்கை எடுத்து விடுங்க என்பார்கள். மாமாவின் சொந்த மெட்டு வரும்போது டீ குடிக்க எழுந்து போவார்கள். அவர் நின்று கேட்கச் சொல்லிப் பார்த்தார், முதல் பாட்டாகவே வைத்தும் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கிட்டே வந்து பார்த்துவிடக் கூடாதென்று காஜா அண்ணன் கீபோர்டுக்கு முன்னால் ஜரிகைத் துணி கட்டினார். பெட்டியோடு விரல் ஒத்துப்போக வேண்டுமென்று மாமா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்காத பாட்டுக்குப் பழகினார். தன் மெட்டை எடுக்க அவருக்கு நேரமே இல்லாமல் போனது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று யாராவது வந்தால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். விடலாம் என்றால் காஜா அண்ணன் கச்சேரியை நம்பி மிஷினை விட்டிருந்தார், வீட்டில் பெண்டு பிள்ளைகள். "ஏனுங் மாஸ்டரு, சனம் சந்தோசமாக் கேக்குது. உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று அவர் கேட்டார்.

மடத்துக்குளத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. வேனில் போகும்போது மாமா என் காதுக்குள், "மாப்ள, இன்னைக்கு நான் கையத் தூக்கிர்றன். அடிச்சாலும் செரி, தொரத்துனாலும் செரி" என்றார். அன்றும் அந்த மியூசிக்கைக் கேட்டார்கள். மாமா துணியை அவிழ்த்துப் போட்டார். பட்டனை அமுக்கினார். பாட்டு நன்றாக ஏறிய நேரத்தில் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினார். பாட்டு பாட்டுக்கு ஓடியது. மைக்கில் குனிந்து, "இது நான் வாசிக்கலீங்க. பொட்டியே பாடுதுங்க" என்றார்.

முன்வரிசையில் தோட்டம் துரவு உள்ள ஒரு பெரியவர் எழுந்து, "கை வெக்காமயே பாட வெக்கறாருப்பா" என்றார். அவ்வளவுதான், கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டல். மாமா தலையை ஆட்டி ஆட்டி இல்லீங்க, இல்லீங்க என்றார். எவ்வளவு தன்னடக்கம் பாருங்க என்றார்கள். கையை இறக்கினால் வாசிப்பதாக நினைப்பார்களே என்று அவர் தூக்கியபடியே நின்றார். மாப்பிள்ளையின் அப்பா மேடையேறி, தூக்கிய அந்தக் கைகளுக்கு நடுவே துண்டைப் போர்த்திவிட்டார்.

திரும்பும் வழியில் காஜா அண்ணனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இனி எல்லா ஊரிலும் கடைசியில் இப்படித்தான் என்றார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நெசத்தச் சொன்னாலும் உட மாட்டீங்கறாங்களே, மாப்ள" என்றார். அதன் பிறகும் சில வருஷம் அவர் ஊர் ஊராகக் கையைத் தூக்கினார். அப்படிப்பட்ட பெட்டி தெருவுக்குத் தெரு வந்த பிறகுதான் கூப்பிடுவது நின்றது. மாமா தறிக்கே போய்விட்டார். அவருடைய மெட்டை முழுசாகக் கேட்டவர்கள் நானும் காஜா அண்ணனும் மட்டும்தான்.

மடத்துக்குளத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா ஊருக்குப் போயிருந்தார், அறையில் நான் மட்டும். பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து, சத்தத்தைக் குறைத்து, பட்டனை அமுக்கினேன். மாமா நின்ற மாதிரியே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். பேடு தட்டும்போது அது சின்னப் பாட்டாகத்தான் இருந்தது. அன்றைக்கு முடிவேனா என்றது. தோள் கடுத்தது, விரல் மரத்தது. பார்க்க யாரும் இல்லை, இறக்கியிருக்கலாம். அது தானாக நிற்கும்வரை நான் இறக்கவில்லை.