கேக் மேசையில் என் கேசரி

கல்யாண விருந்துக்கு இனிப்பு செய்து கொடுக்கிற தொழிலில் அடுப்புச் சூட்டைக்கூடத் தாங்கிவிடலாம், சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறவர்களைத்தான் தாங்க முடியாது. மாலை கட்டிக் கொடுத்தோ, மேடை ஜோடித்துக் கொடுத்தோ, மணப்பெண்ணுக்கு முகம் எழுதியோ நீங்களும் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

ஈப்போ, சிலிபினில் என் வீட்டுச் சமையலறைதான் என் கடை. வரவேற்பில் கேக் வெட்டுகிற மேசைக்கு, கேக்குக்குப் பதிலாக நம் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தொடங்கியதே கோபத்தில்தான். நம் ஆட்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை, விரதம் என்று முட்டை போட்டதைத் தொடமாட்டார்கள். ஆனாலும் மேடையில் அடுக்கடுக்காகக் கேக் நிற்க வேண்டும். அதுவும் நிஜக் கேக்கா என்றால் இல்லை, பெரும்பாலும் வெறும் போலிஸ்டரின். கடையில் மீகோரேங் நூடுல்ஸ் கட்டிக் கொடுக்கிற வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, அதே சாமான். மேலே கிரீம் பூசி, அடித்தட்டில் ஒரு பொந்து வைத்து, அந்தப் பொந்தில் மட்டும் ஒரு துண்டு நிஜக் கேக்கைச் சொருகுவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் அதை வெட்டி ஊட்டிக்கொள்வார்கள். அடுத்த வாரம் அதே கேக் வேறொரு ஜோடிக்கு வாடகைக்குப் போகும். என் மகள் தர்ஷினியின் கல்யாணத்தில் இந்தப் பொந்துக் கேக் நுழையக் கூடாது, அந்த மேசையில் என் கையால் செய்ததுதான் நிற்க வேண்டும் என்று முதல் ஆர்டர் எடுத்தபோதே முடிவு செய்திருந்தேன்.

உருண்ட லட்டு

அந்த முதல் ஆர்டர் சித்தியவானில். லட்டுகளைக் கோபுரமாக அடுக்கிக் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். நேரம் வந்தது. பாட்டு ஓடுகிறது, மேடையில் புகை விடுகிறார்கள், மாப்பிள்ளை கையில் ரிப்பன் கட்டிய கத்தி. எதை வெட்டுவது? பாவம், அவர் உச்சி லட்டின்மேல் கத்தியை வைத்து அழுத்தினார். அது தெறித்துப் போய்ப் பெண்ணின் சேலைக் கொசுவத்தில் விழுந்தது. பின்னாலேயே பாதிக் கோபுரம் சரிந்து மேடையெல்லாம் உருண்டது.

ருசி எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. மைக் பிடித்திருந்த அறிவிப்பாளர் நேராக என்னிடம் இறங்கி வந்தார். "அக்கா, சாப்புடுறதெல்லாம் அப்புறம். மொதல்ல வெட்டுற மாதிரி ஏதாச்சும் குடுங்கலா."

ஆச்சியின் யோசனை

அதற்குப் பிறகுதான் கேசரிக்கு மாறினேன். ரவையோடு, இறுகுவதற்குக் கொஞ்சம் அகார் அகார் கடற்பாசியும் சேர்த்துக் கிண்டி, பெரிய தட்டு, நடுத்தட்டு, சின்னத் தட்டு என்று ஊற்றி இறுக விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தால் மூன்றடுக்கு. கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். இனி யார் என்ன சொல்லிவிட முடியும் என்று நினைத்தேன்.

ஈப்போவில் ஒரு ஹோட்டலில் செட்டியார் வீட்டுக் கல்யாணம். பெண்ணின் அம்மாவை எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷி. ஆனால் அந்த மண்டபத்தில் ஏர்கோன் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. கேசரியில் இருந்த நெய் உறைந்து, மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, கெட்டுப்போச்சா என்று என் காது படவே கேட்டாள். நெய் குளிர்ந்தால் உறையும் என்பதை நான் எத்தனை பேருக்குப் பாடம் எடுப்பது? ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நெய்யின்னு எனக்குத் தெரியுது மகேஸ். வர்றவங்களுக்குத் தெரியணுமே. மேல கொஞ்சம் கிரீம் தடவிடுங்க, கேக்குன்னு நெனச்சுக்கட்டும்."

ருசி பார்க்க வந்த வேன்

ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ருசி பார்க்க வருவது வழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால் போதும். ஒரு தடவை வேன் நிறைய வந்தார்கள். பெரியம்மா, சித்தப்பா, சித்தப்பாவின் கூட்டாளி. கேசரி, பால்கோவா, அதிரசம் எல்லாவற்றையும் தின்று முடித்து, வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தபாவ் கேட்டார்கள். கட்டிக் கொடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே பெரியம்மா சொன்னார். "எல்லாம் நல்லா இருக்கு. ஆனா கேக் வைக்கலன்னா எங்களுக்கு வசதி இல்லன்னு நெனச்சிருவாங்கலா."

படத்துக்கு ஆகாத நிறம்

கமுந்திங்கில் ஒரு டேவான், ஊர்ப் பொது மண்டபம். ஏர்கோன் இல்லை, நெய் பூக்காது என்று நிம்மதியாக இருந்தேன். படம் எடுக்க வந்த தம்பி என் கேசரியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எங்கே என்றேன். கேசரியும் மஞ்சள், பெண்ணின் சேலையும் மஞ்சள், படத்தில் எடுபடாதாம். கொண்டுபோய்க் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேடை மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியைக் கொண்டுவந்தார். அதையா வெட்டப் போகிறார்கள்?

எனக்கு வந்த ஆத்திரத்தில், "அப்ப பொண்ணத் தள்ளி நிக்கச் சொல்லு தம்பி" என்றேன். அவர் கேமராவிலிருந்து முகத்தைக்கூட எடுக்கவில்லை. "எனக்குக் காசு குடுத்தது பொண்ணு, அக்கா. கேசரி இல்ல."

வீட்டுக்குள்ளேயே

தர்ஷினிக்கும் கோபிக்கும் கல்யாணம் முடிவானது. ஐந்தடுக்குக்குப் புதுத் தட்டுகள் வாங்கி வைத்தேன். நெய் உறையாமல் இருக்க அளவை மாற்றி மாற்றிக் கிண்டிப் பார்த்தேன். ஒரு நாள் சாயந்திரம் வேலை முடிந்து வந்த மகள், பையைக்கூட இறக்காமல் கைத்தொலைபேசியை நீட்டினாள். வெள்ளை வெளேரென்று ஐந்தடுக்கு, பக்கத்தில் பிளாஸ்டிக் அன்னம். பொந்துக் கேக்தான். சம்பந்தியம்மா முன்பணம் கட்டிவிட்டாராம். இவளும் கூடப் போய்த்தான் பார்த்துப் பிடித்ததை எடுத்தாளாம். என் கேசரிக்கும் இடம் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில், தயிருக்கும் அப்பளத்துக்கும் நடுவில்.

ஊரார் சொன்னதெல்லாம் காதோடு போனது. இது நெஞ்சில் தைத்தது. யாருக்காக அடுப்படியில் நின்றேன் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "கேசரி நம்ம வீட்ல எப்பவும் இருக்குலாம்மா. அன்னிக்கு ஒரு நாளாச்சும் அழகா ஒண்ணு வச்சுக்கிறேன்."

பொந்து

கல்யாண வரவேற்பு. விளக்கை அணைத்தார்கள், புகை வந்தது, பாட்டு வந்தது. நான் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் கேசரிக்குக் காவலாக நின்றேன். கோபியும் தர்ஷினியும் கத்தியைச் சேர்ந்து பிடித்துப் பொந்தில் இறக்கினார்கள். கத்தி எதிலோ முட்டி நின்றது. மறுபடி அழுத்தினார்கள். கிரீச்சென்று ஒரு சத்தம், பல் கூசியது. வெளியே எடுத்தால் கத்தி முழுக்க வெள்ளை மணி மணியாகப் போலிஸ்டரின். கேக்கைக் கொண்டுவந்து வைத்தவர்கள் நிஜத் துண்டைச் சொருகாமலே போய்விட்டார்கள். மண்டபமே கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அறிவிப்பாளர் மணமக்களின் கூச்சத்தைப் பற்றி ஏதேதோ பேசி நேரம் கடத்துகிறார். தர்ஷினி மேடையிலிருந்து யாரையோ தேடினாள். என்னைப் பார்த்ததும் அவள் பார்வை என்மேலேயே நின்றது.

அதற்குள் சம்பந்தியம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். "சம்பந்தி, அந்தக் கேசரியில ஒரு துண்டு சீக்கிரம் வெட்டிக் குடுங்க. பொந்துல சொருகிடலாம்."

தர முடியாது என்று எனக்கு வாய் வரை வந்தது. இவ்வளவு நாள் நான் கேட்டதெல்லாம் இந்த ஒரு மேசையைத்தான். இப்போது சொருகுவதற்குக் கேட்கிறார்கள். ஆனால் மேலே கத்தியோடு முழித்துக்கொண்டு நிற்பது என் பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரம் பிசகாமல், பொந்துக்குச் சரியாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். சம்பந்தியம்மா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய், பின்பக்கமாகக் கைவிட்டு உள்ளே தள்ளினார். இந்தத் தடவை கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. பிறகு என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். தர்ஷினி எனக்கு ஊட்டும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. என்னாலும் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் சம்பந்தியம்மா தன் பங்கைத் தின்றுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். "பரவால்லையே சம்பந்தி, கேக் மாதிரியே இருக்கு."

கேக்கை மேடையிலிருந்து இறக்கக் கிளம்பிய நான், பெற்ற மகள் கல்யாணத்தில் அதன் வயிற்றை நிரப்பிக் கொடுத்துவிட்டு, கையையும் தட்டிவிட்டு வந்தேன்.